அழுகுணி ஆட்டம்

‘திருடுவது சரியா, தவறா? டிக் அடிக்கவும்.’ குழந்தைகளின் ஒழுக்க வளர்ச்சியை ஆராய வரும் மாணவர்கள் வகுப்பில் இப்படியொரு தாளை நீட்டுகிறார்கள். வாத்தியார் பக்கத்திலேயே நின்றால், எந்தப் பிள்ளைங்க ‘சரி’ன்னு டிக் அடிக்கும்? நீங்களே சொல்லுங்கள். அளந்தது ஒழுக்கத்தையா, பயத்தையா?

நான் படித்தது பி.காம். தப்பான வவுச்சரை எத்தனை முறை கூட்டினாலும் கணக்கு தப்புதான்!

சுவிட்சர்லாந்தில் பியாஜே, பையன்களோடு கோலி விளையாடிக்கொண்டே, ‘இந்த விதியை மாத்தலாமா?’ என்கிற ரீதியில் கேட்டார். 1932-ல் அது புத்தகமானது. 1958-ல் கோல்பெர்க், பையன்களை மட்டுமே கேட்டு ஒழுக்கத்துக்கு ஏணி கட்டினார். பெண்களின் குரல் எங்கே என்று 1982-ல் கேரல் கில்லிகன் பிடித்துக்கொண்டார்.

ஆராய்ச்சி மாணவர்களே, சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி முதுநகர் வாங்க. தாளை மடித்து வைத்துவிட்டுத் தெருவில் உட்காருங்கள். ‘ஏய், அழுகுணி ஆட்டம்!’ என்று ஒரு பொடிசு கத்தும். உங்கள் ஆராய்ச்சி அங்கேதான் ஆரம்பிக்கிறது.