பிறேக் பிழைத்தால் பொறுப்பார் யார்?

சாரதி கண்ணயர்ந்தாலும் தான் கண்ணயராது, முன்னே தடை தோன்றிய கணமே தானாகப் பிறேக்கை அழுத்தி உயிரைக் காக்கும் என்று பறைசாற்றப்படும் வாகனங்கள் இன்று யாழ்ப்பாணத்து வீதிகளிலும் ஓடுகின்றன. அறிவியலின் இந்த ஆக்கத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால், காவலனே தடுமாறின் என் செய்வது? தடுமாறும் காவலனைத் திருத்தும் கடமை யாருடையது? இதற்கு விடை காணாமல் இறக்குமதிக் கதவை மட்டும் திறந்துவிடுவது ஆட்சியாளருக்கு அழகன்று.

வாகனத்தின் முகப்பில் ஒரு றேடார். முன்கண்ணாடியின் மேற்புறத்தில் ஒரு கமறா. இவ்விரண்டும் கண்டு சொல்வதைக் கணினி கணித்து, மோதல் நேருமென எண்ணினால் பிறேக்கை இயக்கும். இக்கருவி இருவகையிற் பிழைக்கலாம். அழுத்த வேண்டிய வேளையில் அழுத்தாது விடுவது ஒன்று. காரணம் ஏதுமின்றி நடுவீதியில் திடீரென அழுத்துவது மற்றொன்று. பின்னே பாரமேற்றிய லொறி வருமாயின் இரண்டாவது பிழையும் உயிர்ப்பலி கொள்ள வல்லது.

இது வெறும் கற்பனையன்று. 2015 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் போர்ட் நிறுவனம் எப்-150 என்னும் தனது கப் வாகனங்களில் ஏறத்தாழ 37,000 ஐத் திரும்ப அழைத்தது. அலைகளை மிகுதியாகத் தெறிக்கும் பெரிய லொறியொன்றைக் கடந்து செல்கையில், அது தன் பாதையிலேயே நிற்கிறதென்று றேடார் மயங்கி வாகனத்தைத் தடுத்து நிறுத்தக்கூடுமெனக் கண்டதே காரணம். அதே ஆண்டில் ரொயோட்டா நிறுவனமும் அமெரிக்காவில் ஏறத்தாழ 31,000 கார்களை மீள அழைத்தது. வீதியிற் பதித்த இரும்புத் தகட்டை முன்னே நிற்கும் பொருளென எண்ணிப் பிறேக் இயங்கக்கூடும் என்பதே அங்கு கண்ட குறை. 2019 ஆம் ஆண்டிலோ, பிறேக் உட்பட இறுதிப் பரிசோதனைகள் முறைப்படி நடைபெறவில்லையென ஒப்புக்கொண்டு, சுசுக்கி நிறுவனம் ஜப்பானில் ஏறத்தாழ 20 இலட்சம் வாகனங்களை மீள அழைத்தது.

இவற்றைக் கூறுவது அந்நிறுவனங்களைத் தூற்றுவதற்கன்று. குறையை ஒப்புக்கொண்டு, பொருளைத் திரும்ப அழைத்து, இலவசமாகத் திருத்திக் கொடுப்பது நேர்மையான செயல். ஆயினும் அந்நேர்மை தானாக வந்ததன்று. அமெரிக்காவில் 1966 ஆம் ஆண்டின் வாகனப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு அடிகோலிற்று. அண்டை நாடாகிய இந்தியா 2019 இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, குறையுள்ள வாகனங்களை மீள அழைக்குமாறு உற்பத்தியாளருக்குக் கட்டளையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு வழங்கியது. சட்டம் பின்னே நிற்கும் இடத்திலேதான் வணிகரின் மனச்சாட்சியும் விழித்திருக்கிறது!

நம் நிலை என்ன? இங்கு ஓடும் கார்களிலும் வான்களிலும் பெரும்பகுதி ஜப்பானில் ஓடிப் பழகிய பின் வந்தவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட இறக்குமதி படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் வழி திறந்தது. 2021 நவம்பர் முதல் ஜப்பானில் புதிய மாதிரிக் கார்களுக்குத் தானியங்கிப் பிறேக் கட்டாயமாக்கப்பட்டமையால், இனி வருபவற்றுள் மிகப்பல இக்கருவியுடனேயே வரும். ஆனால் அங்கு மீளழைப்பு அறிவிக்கப்பட்டால் கடிதம் யாருக்குச் செல்லும்? அந்நாட்டுப் பதிவேட்டிலுள்ள உரிமையாளருக்கே செல்லும். ஏற்றுமதியான வண்டியோ அப்பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே, ஒசாக்காவில் வாழ்பவனுக்கு உண்டான காப்பு உரும்பிராயில் வாழ்பவனுக்கு இல்லை. வண்டி ஒன்றே, பிழையும் ஒன்றே, உயிரின் விலை மட்டும் வேறோ?

நகையை ஈடுவைத்தும் லீசிங் கடன் பட்டும் வாகனம் வாங்கும் கமக்காரனை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் வெங்காயத்தையும் வாழைக்குலையையும் ஏற்றிக்கொண்டு அவன் திருநெல்வேலிக்கோ சுன்னாகத்துக்கோ தம்புள்ளைக்கோ புறப்படுகிறான். கண்டி வீதியிலே முன்னால் சைக்கிள், பக்கத்தில் மாடு, பின்னால் விரைந்துவரும் பேருந்து. அந்நேரத்தில் வண்டி தானே நின்றுவிட்டால் பழி யார் தலையில் விழும்? பொலிசாரின் அறிக்கையிலே “சாரதியின் கவலையீனம்” என்றே எழுதப்படும். றேடாரின் பிழையை அவன் எவ்வாறு நிரூபிப்பான்?

தகாட்டா நிறுவனத்தின் காற்றுப்பைகள் உலகுக்குக் கற்பித்த பாடமும் நினைக்கத் தக்கது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் அவற்றிலிருந்த வெடிமருந்து காலப்போக்கிற் கெட்டு, காக்க வந்த பையே உலோகச் சிதறல்களை வீசி உயிர்களைக் குடித்தது. யாழ்ப்பாணத்தைப் போன்ற வெப்பமும் ஈரமும் உடைய நாட்டவரே இத்தகைய அறிவித்தல்களை முதலிற் பெறவேண்டியவர்கள். நாமோ கடைசியிலும் பெறுவதில்லை.

சட்டம் முற்றாக ஊமையென்று நாம் சொல்லவில்லை. 1928 இல் ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி நகரிலே, போத்தலொன்றில் நத்தை கிடந்ததெனப் பெண்ணொருவர் தொடுத்த வழக்கில், உற்பத்தியாளன் கடைசி நுகர்வோனுக்கும் கடமைப்பட்டவன் என 1932 இல் பிரபுக்கள் சபை தீர்த்தது. நமது பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896 ஆம் ஆண்டிலேயே எழுந்தது. கவலையீனத்தால் விளைந்த நட்டத்துக்கு உரோம-டச்சுச் சட்டமும் பரிகாரம் தருகிறது. ஆனால் கமக்காரன் கடல்கடந்த கம்பனியோடு வழக்காடி வெல்வதென்பது ஏட்டுச் சுரைக்காயே. மேலும், வழக்கு என்பது விபத்துக்குப் பின் வருவது. நமக்கு வேண்டியது விபத்துக்கு முன் வரும் காப்பு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், 10 ஆம் பிரிவில் வணிகருக்குப் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தை அச்சபைக்கு வழங்கியிருக்கிறது. அதனைப் பயன்படுத்துக, போதாதெனின் 1951 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்துக.

நாம் கேட்பவை நான்கு. முதலாவது, மீளழைப்பில் அகப்பட்டுத் திருத்தப்படாத வண்டி சுங்கத்திலிருந்து வெளிவரலாகாது. அடிச்சட்ட இலக்கத்தைக் கொண்டு இதனை அறிவது அரிதன்று. இரண்டாவது, ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கையில் புகைப் பரிசோதனைச் சான்றிதழைக் கேட்கும் அரசு, அடிச்சட்ட இலக்கத்தையும் மீளழைப்புப் பட்டியலோடு ஒப்புநோக்க வேண்டும். மூன்றாவது, அறிவித்தல் கடன் கொடுத்த கம்பனியோடு நின்றுவிடாமல், வண்டியை வைத்திருப்பவனுக்கும் தமிழிற் செல்லவேண்டும். 1987 இன் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1988 இன் 16 ஆவது திருத்தம் வடக்குக் கிழக்கில் அதனை நிருவாக மொழியாக்கிற்று. உயிரைக் காக்கும் எச்சரிக்கையைத் தமிழன் புரியாத மொழியில் அனுப்புவது, அனுப்பாததற்கு ஒப்பாகும். நான்காவது, திருத்தவேலை யாழ்ப்பாணத்திலேயே இலவசமாக நடைபெறவேண்டும். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஓடிக் கொழும்புக்கு வாவென்று அழைப்பது, வராதே என்று சொல்வதன் மறுவடிவமே.

அரசை மட்டும் குறைகூறி நம்மவரைத் தப்பவிடவும் நாம் விரும்பவில்லை. பெயர் மாற்றாமல் திறந்த பத்திரத்தில் வண்டியைக் கைமாற்றும் வழக்கம் இங்கு மலிந்திருக்கிறது. பதிவேட்டில் பெயரில்லாதவனை எந்த அறிவித்தல் தேடிவரும்? அழகுக்கென்று றேடாரின் முன்னே இரும்புக் கம்பிகளைப் பொருத்துவோரும் உளர். கண்ணாடியை மாற்றிவிட்டுக் கமறாவைச் சீர்செய்யாது விடுவோரும் உளர். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் யப்பான் எழுத்தென்று புறக்கணிப்போரும் உளர். வண்டி வாங்குமுன் அடிச்சட்ட இலக்கத்தைப் படித்தவர் ஒருவரிடம் கொடுத்துத் தயாரிப்பாளரின் மீளழைப்புப் பட்டியலிற் பார்ப்பிக்க ஒருமணி நேரம் போதும். ஆசிரியரும் பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் தத்தம் கிராமத்துக் கமக்காரருக்கு இவ்வுதவியைச் செய்தல் கடனாகும். கமக்காரர் அமைப்புகளும் கூட்டுறவுச் சங்கங்களும் இதனை ஒரு வேலையாகவே ஏற்கலாம்.

வெள்ளம் வருமுன் அணை கோலுவதே அறிவுடைமை. ஒரு வீட்டில் ஒப்பாரி எழுந்தபின் ஆணைக்குழு நியமிப்பதால் பயனில்லை. நாடாளுமன்றத்தில் நம் பிரதிநிதிகள் இதனை எழுப்பட்டும். அமைச்சு விடை கூறட்டும். பிழைபட்ட வண்டிகளைத் திரும்ப அழைக்கும் குரல் உலகெங்கும் கேட்கிறது. அக்குரல் நம் காதிலும், நம் மொழியிலும் விழச்செய்வதே நாம் கேட்கும் நீதி.