இரண்டு கோடி ஒதுக்கியாயிற்று, எழுதிக்கொள்ள ஆள் எங்கே?

2024 பிப்ரவரியில் தாக்கலான தமிழக நிதிநிலை அறிக்கையில் ஒரு சிறு அறிவிப்பு இருந்தது. தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் ஆகிய சமூகங்களின் மொழி வளத்தையும் ஒலி வடிவங்களையும் ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய். ஆயிரக்கணக்கான கோடிகளைப் பற்றிய பேச்சுக்கு நடுவே பலர் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். நல்ல அறிவிப்பு. தோடர் மொழியையும் கோத்தர் மொழியையும் யுனெஸ்கோவின் வரைபடம் அழிவின் விளிம்பில் நிற்பவையாகக் குறித்திருக்கிறது. பத்தாயிரம் பேருக்குக் குறைவானோர் பேசும் தாய்மொழியை நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1971 முதல் தனியே காட்டுவதும் இல்லை. இப்படிக் கணக்கிலிருந்தே விழுந்துபோன மொழிகளுக்கு ஒரு மாநில அரசு பணம் ஒதுக்கியது பெரிய விஷயம்தான். ஆனால் பணத்தை வாங்கிக்கொண்டு மலையேறி உட்கார்ந்து எழுதப்போவது யார்?

இந்த வேலைக்கு நல்ல ஒலிப்பதிவுக் கருவி இருந்தால் போதும் என்று அதிகாரிகள் நினைப்பது உண்டு. ஆனால் கருவியைவிடப் பழகிய காதுதான் முக்கியம். தமிழில் ரகரம், றகரம் என்று இரண்டைப் படித்துவிட்டு, பேச்சில் அந்த இரண்டையும் ஒன்றாகவே குழப்பிக்கொள்கிறோம். தோடர் மொழியிலோ நாக்கு அதிர்ந்து பிறக்கும் ரகர ஒலி மூன்று வெவ்வேறு இடங்களில் பிறக்கிறது. இடம் மாறினால் சொல் மாறிவிடும். பழகாத காதுக்கு மூன்றும் ஒன்றே. பதிவு செய்துகொண்டு வந்த கோப்பைப் பத்து முறை ஓட்டிக் கேட்டாலும் வேறுபாடு பிடிபடாது. பிடிபடாததை எழுதவும் முடியாது, பேசுகிற பாட்டியிடம் சரியான அடுத்த கேள்வியைக் கேட்கவும் முடியாது. மர்ரே எமனோ என்ற சமஸ்கிருத அறிஞர் 1935இல் நீலகிரிக்கு வந்து மூன்று ஆண்டுகள் இந்த மொழிகளோடு மல்லுக்கட்டினார். அவருடைய தோடர் இலக்கணம் நூலாக வெளிவந்தது 1984இல். திட்டக் காலம் ஓராண்டு, அறிக்கை மார்ச்சுக்குள் என்று கோப்பில் எழுதுகிறவர்கள் 1935, 1984 என்ற இந்த இரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும்.

அப்படிப் பழகிய காது ஒருவருக்கு எந்த வயதில், எங்கே வாய்க்க வேண்டும்? பிளஸ் டூ முடித்த கையோடு, கல்லூரியில். தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளின் விண்ணப்பத்தைப் பிரித்துப் பாருங்கள். காட்சித் தொடர்பியல் இருக்கிறது, ஆடை வடிவமைப்பு இருக்கிறது, வணிகவியலே நாலைந்து வகையாகப் பிரிந்து இருக்கிறது. இளங்கலை மொழியியல் என்ற வரி கண்ணில் படுவது அரிது. மொழிக்காகச் சிறை சென்றவர்களும் உயிர் கொடுத்தவர்களும் உள்ள மாநிலம் இது. மொழி எப்படி இயங்குகிறது என்பதைப் படிக்க இங்கே ஒரு பிள்ளை இருபத்தொரு வயது வரை காத்திருக்க வேண்டும்.

இளங்கலைத் தமிழில் மொழியியல் ஒரு தாளாக இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஒலியன் என்றால் என்ன, உருபன் என்றால் என்ன, ஐந்து மதிப்பெண் வினா, எழுதிவிட்டு வெளியே வரலாம். தொல்காப்பியத்தின் பிறப்பியலை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். உதட்டையும் நாக்கையும் பல்லையும் வைத்து ஒலியை விளக்கும் அந்த இயலை நடத்தும் வகுப்பில், ஒரு கண்ணாடியைக் கொடுத்து உன் நாக்கு எங்கே படுகிறது பார் என்று சொல்வதில்லை. கடல், பங்கு, அகல் என்ற மூன்று சொற்களிலும் எழுத்து ஒன்றே, ககரம். ஒலி மூன்று. ஏன் என்று கேட்கும் மாணவர் அந்த மணி நேரத்திலேயே பாதி மொழியியலாளர் ஆகிவிடுகிறார். கேட்க வைப்பதற்குத்தான் ஆள் இல்லை.

முதுகலையில் படித்துக்கொள்ளலாம் என்பதும் பாதிப் பதில்தான். இரண்டு ஆண்டுகள், நான்கு பருவங்கள். அதில் முதல் ஆண்டு, பாடம் எதைப் பற்றியது என்று விளங்க வைப்பதிலேயே போய்விடுகிறது. வணிகவியலிலிருந்தும் வரலாற்றிலிருந்தும் வேறு இடம் கிடைக்காமல் வந்து சேர்ந்தவர்களிடம் குறை காண்பதில் அர்த்தமில்லை. ஒலிப்பயிற்சி, தொடரியல், களஆய்வு எல்லாவற்றையும் மிச்சமிருக்கும் ஓராண்டில் அடைக்க எந்த ஆசிரியராலும் முடியாது. இளங்கலையில் துறை இல்லாததால் அரசுக் கல்லூரிகளில் மொழியியல் ஆசிரியருக்குப் பணியிடம் பெரும்பாலும் இல்லை. பணியிடம் இல்லாததால் முதுகலைக்கு ஆள் சேருவதில்லை. ஆள் சேரவில்லை என்று காரணம் காட்டி, ஓய்வு பெறும் பேராசிரியரின் இடத்தை நிரப்பாமல் விடுவது அடுத்த படி. ஒரு துறையை மூட ஆணை எதுவும் பிறப்பிக்கத் தேவையில்லை, இதுவே போதும்.

இத்தனைக்கும் நாம் வெறுங்கையோடு தொடங்கியவர்கள் அல்லர். கிரியர்சனின் இந்திய மொழிகள் அளவாய்வு சென்னை மாகாணத்தை விட்டுவிட்டே நடந்தது. அந்தக் குறையை ஈடுகட்டும் வேலையை எடுத்துக்கொண்டவர்கள் சிதம்பரத்தில் இருந்தார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் ஊன்றிய மொழியியல் துறையை 1960களில் பல்கலைக்கழக மானியக் குழு உயராய்வு மையமாக ஏற்றது. ச. அகத்தியலிங்கத்தின் தலைமைக் காலத்தில் தோடர், இருளர் மொழிகளைப் பற்றியெல்லாம் அங்கிருந்து ஆய்வுகள் வந்தன. எழுதியவர்கள் நம் ஊர்களில் படித்து வந்தவர்கள். இன்றைக்கும் அந்த மொழிகளைத் தொடுகிறவர் அந்தப் பக்கங்களைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அவற்றைத் தாண்டிப் போகிறவர்கள் போதுமான எண்ணிக்கையில் வரவில்லை என்பதுதான் கவலை.

வெளியே இப்படி இல்லை. பனாரஸிலும் அலிகரிலும் இளங்கலையில் மொழியியல் உண்டு. போரின் நடுவிலும் நடந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் இளங்கலைப் பாடம். தமிழ்வழிப் பாடநூல் இல்லை என்ற சாக்கு, இலங்கை மொழியியலாளர் எம்.ஏ. நுஃமான் போன்றோர் எழுதியவற்றைப் பார்த்தால் நிற்காது.

படித்தால் வேலை உண்டா என்று பெற்றோர் கேட்பது நியாயம். கணினி நிறுவனங்கள் அள்ளிக்கொண்டு போகும் என்று நாம் ஆசை காட்டப் போவதில்லை. அங்கே இன்று கிடைப்பதில் ஒரு பங்கு, வாக்கியத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுத் தரும் ஒப்பந்த வேலை. ஆனாலும் அகராதி, பேச்சுச் சிகிச்சை, தொடக்கப் பள்ளிப் பாடநூல், தமிழ் பேசும் கணினி என எதைத் தொட்டாலும் மொழியைப் பகுத்துப் பார்க்கத் தெரிந்தவர் தேவைப்படுகிறார். வரலாறு படித்தவருக்கும் தாவரவியல் படித்தவருக்கும் உத்தரவாதம் கேட்காத நாம், இந்தப் பாடத்தை மட்டும் ஏன் வாசலிலேயே நிறுத்துகிறோம்?

ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு நம் அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. அதில் நமக்குக் குறையில்லை. அதில் ஒரு சிறு பங்கு போதும், உதகை அரசு கலைக் கல்லூரியில் ஓர் இளங்கலை மொழியியல் வகுப்பைத் தொடங்க. அந்தக் கல்லூரி இணைந்திருக்கும் பாரதியார் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறை இருக்கிறது. பாடத்திட்டத்துக்கு வெளியே அலைய வேண்டாம். பழங்குடியினர் ஆய்வு மையம் அருகே முத்தோரை பாலாடாவில் இருக்கிறது. தோடர், கோத்தர், படுகர், இருளர் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிக்கு வரும் ஊர் உதகை. தன் பாட்டியின் மொழியைத் தானே எழுதப் பழகும் மாணவிக்கு மூன்று ரகரங்களைக் காட்டித்தர வெளிநாட்டு அறிஞர் தேவையில்லை. அவளுக்கு அவை ஏற்கெனவே கேட்கும். எழுதும் முறையைத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

இருபது இடங்கள், இரண்டு நிரந்தர ஆசிரியர்கள், ஒரு சிறிய ஒலியியல் ஆய்வகம். உயர்கல்வித் துறை இதை வரும் கல்வியாண்டின் சேர்க்கை அறிவிப்பிலேயே சேர்க்க வேண்டும். 2 கோடி ரூபாய்த் திட்டத்தில் இதுவரை என்ன பதிவானது, யார் பதிவு செய்தார்கள், அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் அரசு சட்டமன்றத்தில் சொல்ல வேண்டும்.