ஐந்து பேர் சேர்ந்தே வந்தால் அது நியாயமான ஆட்டமா?



கோயில் முகநூலில் கைப்பேசி விளையாட்டைப் பத்தி எழுதுறாங்களேன்னு நினைக்காதீங்க. போன வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிஞ்சு, பாத்திரம் கழுவி, நாற்காலி அடுக்கின பிறகு நாங்கள் பார்த்த காட்சிதான் காரணம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

நம்ம தொண்டர் பசங்க அஞ்சு பேர் மண்டபப் படியில உட்கார்ந்து, ஐவருக்கு ஐவர் மோதும் ஒரு கைப்பேசி விளையாட்டில் ஒரே குழுவாக இறங்கினாங்க. "மேல வா, பின்னாடி ஒருத்தன் இருக்கான்"னு பேசிக்கிட்டே ஆடினாங்க. வரிசையா ஆறு வெற்றி. ஒரே கும்மாளம்.

அதே படியின் ஓரத்தில் இரண்டாம் படிவம் படிக்கும் ஒரு தம்பி தனியா ஆடிக்கிட்டு இருந்தான். முன்பின் தெரியாத நாலு பேரோடு அவனைச் சேர்த்திருந்தது. எதிரணியில் ஐந்து பேரின் பெயரிலும் ஒரே குழுப்பெயர். தோத்துக்கிட்டே இருந்தான். போதாக்குறைக்கு அவன் பக்கத்து ஆட்டக்காரரே அவனைத் திட்டி எழுதினார். போனை அணைச்சிட்டு, "நான் சுத்த வேஸ்ட், அண்ணா"ன்னு சொன்னான். மனசு கஷ்டமா போச்சு.

எங்கள் கருத்து இதுதான். சேர்ந்து வருவது ஏமாற்று வேலை இல்லை. நண்பர்களோடு ஆடத்தானே பலரும் இதற்குள் வர்றாங்க. ஆனால் பேசி வைத்து வந்த ஐவரை, தனித்தனியாக வந்த ஐவருக்கு எதிரே நிறுத்தி, அந்த முடிவை ஒவ்வொருவரின் திறமை என்று தரவரிசையில் ஏற்றுவது நியாயம் இல்லை.

விரல் வேகம் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கலாம். வித்தியாசம் வேற இடத்துல. குழுவாக வந்தவர்கள் வாயால் பேசிக்கொள்கிறார்கள். தனியாள் தட்டச்சு செய்ய நின்றால் அதற்குள் அடி விழுந்துடும். குழுவில் யார் தாக்குவது, யார் காப்பது என்று முன்பே முடிவாகியிருக்கும். அந்நியர்களில் மூணு பேர் ஒரே வேலைக்கு முண்டுவாங்க. நம்ம தாமான் திடலில் தினமும் சேர்ந்து ஃபுட்சால் ஆடுற அஞ்சு பேரும் ஒரே பக்கம் நின்னா, "டேய், கலந்து பிரிங்கடா"ன்னு நாமே சொல்வோமே!

விளையாட்டைச் செய்பவர்களுக்கும் இது தெரியாத விஷயம் இல்லை. லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் 2016-இல் எத்தனை பேர் குழுவானாலும் ஒரே தரவரிசை என்று மாற்றினார்கள். தனியாக ஆடுபவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2017-இல் ஒருவர் அல்லது இருவராக வருபவர்களுக்குத் தனி வரிசை திரும்ப வந்தது. வேலரண்ட் தரவரிசை ஆட்டத்தில் நாலு பேர் குழுவாக நுழையவே முடியாது. ஐந்தாவதாக மாட்டும் அந்நியரின் நிலையை யோசித்துப் பாருங்க, ஏன் என்று புரியும். அங்கே ஐந்து பேர் குழுவில் தர இடைவெளி மிகப் பெரிசா இருந்தால், ஜெயித்தாலும் புள்ளி குறைவுதான்.

"குழுவுக்குக் குழுவையே தேடினால் ரொம்ப நேரம் காத்திருக்கணுமே" என்பார்கள். உண்மைதான். ஆட்கள் குறைவான நேரத்தில் சரிசமமான எதிரணி சீக்கிரம் கிடைக்காது. ஆனால் அந்தக் காத்திருப்பைக் குழுவாக வந்தவர்கள்தான் தாங்கணும். அவர்களுக்குப் பேச்சுத் துணைக்கு நாலு பேர் இருக்காங்க. அவர்களின் அவசரத்துக்குத் தனியாள் ஏன் தன் புள்ளியைக் கொடுக்கணும்?

விதியை மாற்றுவது நம்ம கையில் இல்லை. நம்மால் முடிந்ததைச் செய்வோம். தொண்டர் தம்பிகளே, ஐந்து பேராக இறங்கி ஜெயித்தால் சந்தோஷப்படுங்க. எதிரே தோத்தவரைக் கேலி செய்து எழுதாதீங்க. அவர் தனியாக வந்தவராக இருக்கலாம். நாலு பேராக இருந்தால், தரவரிசை இல்லாத ஆட்டத்தில் ஐந்தாவது இடத்தைப் படி ஓரத்தில் இருக்கிறவனுக்குக் கொடுங்க.

பெற்றோர்களே, பிள்ளை தோத்துட்டு முகம் வாடி வந்தால், "எப்பப் பாரு போன்"னு உடனே ஏசாதீங்க. "யாரோட சேர்ந்து ஆடினே?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அவன் வேஸ்ட் இல்லை, தனியா மாட்டிக்கிட்டான், அவ்வளவுதான்.

வர்ற வெள்ளிக்கிழமை அந்தத் தம்பிக்குப் படியில ஓர் இடம் போட்டு வச்சிருக்கோம்.


தொண்டர் குழு