பண்டிதரின் சபையும் இன்றைய மானியமும்

தமது மூலிகை மருந்துகளை விற்று ஈட்டிய பொருளைக் கொண்டே, 1912-ஆம் ஆண்டில் தஞ்சாவூரில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவி, வித்வான்களை வரவழைத்து, சுருதிகள் இருபத்திரண்டா இருபத்துநான்கா என்று அவர்களைத் தர்க்கிக்க வைத்த ஆபிரகாம் பண்டிதர், 1916-இல் பரோடா மாநாட்டில் தம் புதல்வியரை வீணை வாசிக்கச் செய்து சுருதிகள் இருபத்துநான்கே என்ற தமது கொள்கையை நிரூபிக்க முற்பட்டார். மறு ஆண்டே அவரது இசைநூலான ‘கருணாமிர்த சாகரம்’ அச்சேறியது.

அத்தகைய தனவந்தர் (அவரே பண்டிதராகவும் இருந்தது நம் பாக்கியம்) தலைமுறைக்கொருவர் தோன்றுவாரென்று இன்றைய ஆய்வாளர் காத்திருக்க இயலாது. கருத்தரங்கப் பதிவுக் கட்டணத்தையும் ரயில் செலவையும் தம் சொற்ப உதவித்தொகையிலிருந்து முதலில் கட்டிவிட்டு, ரசீதுகளை ஒட்டி அனுப்பி, மாதக்கணக்கில் எதிர்பார்த்திருக்கும் மாணவருக்கு, நாற்று கருகியபின் வந்துசேரும் மேட்டூர்த் தண்ணீர்போல் கிடைக்கும் மானியத்தால் என்ன பிரயோஜனம்? பல்கலைக்கழகங்கள் பிரயாணப்படியைப் புறப்படும் முன்பே கொடுக்கட்டும். கணக்கைத் திரும்பி வந்தபின் கேட்கட்டும்.