மிதிவெடி அகற்றிய காணி யாருக்கு?

மிதிவெடி சாதி பார்த்து வெடிப்பதில்லை என்று மேடைகளில் சொல்வார்கள். உண்மைதான், வெடிக்கு அது தெரியாது. ஆனால் மண்டையோட்டுப் பலகை தொங்கும் பற்றைக்குள் யார் இறங்குகிறார் என்பதில் சாதிக்கும் காணிக்கும் பங்கு உண்டு. காணி உறுதி வைத்திருப்பவர் கொழும்பிலோ ரொறன்ரோவிலோ இருந்துகொண்டு, வெடி அகற்றி முடியும்வரை காத்திருக்கலாம். விறகு வெட்டியும் பழைய இரும்பு பொறுக்கியும் உலை வைப்பவரால் காத்திருக்க முடியாது.

ஏ-9 வீதியில் உள்ள முகமாலை, 2000 முதல் 2009 தொடக்கம்வரை இரு தரப்பும் எதிரெதிரே நின்ற முன்னரங்கு. இராணுவமும் புதைத்தது, புலிகளும் தாங்கள் செய்த ஜொனி வெடிகளைப் புதைத்தார்கள். ஒரு பக்கத்தை மட்டும் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இன்று வடக்கில் அவற்றை அகற்றுபவர்களில் கணிசமானோர் பெண்கள். பலர் போரில் கணவரை இழந்தவர்கள். வெயிலில் முழங்காலிட்டு, முகக்கவசத்துக்குள் வியர்வை வழிய, பல் வைத்த வாரியால் மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டுகிறார்கள். சம்பளம் பெரும்பாலும் வெளிநாட்டு நிதியில் வருகிறது. நிதி நின்றால் வேலையும் நிற்கும்.

துப்புரவான தனியார் காணி பழைய உரிமையாளருக்குப் போகிறது. நியாயம்தான். பரம்பரையாக அடுத்தவர் காணியில் குடியிருந்து கூலி செய்தவருக்கு எந்தக் காணி திரும்பும்? 1977, 1983 வன்முறைக்குத் தப்பி வன்னிக்கு வந்த மலையகத் தமிழரில் உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லாதவர்கள் இன்றும் உண்டு. யாழ்ப்பாணத்து நலன்புரி முகாம்களில் கால் நூற்றாண்டுக்கு மேல் தேங்கிக் கிடந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். இராணுவம் பிடித்துவைத்த நிலம் ஒரு காரணம். நிலத்தை விட்டபின்னும் திரும்பிப் போகச் சொந்தக் காணி இல்லாதது இன்னொரு காரணம். இரண்டாவதைப் பற்றி நம் தலைவர்கள் அதிகம் பேசியதில்லை.

காணி மீட்புப் போராட்டங்களில் நானும் நின்றிருக்கிறேன். காணியற்றவர்களையும் பதாகையில் எழுதக் கேட்டபோது, "இப்ப சாதியைக் கிளப்பாதையுங்கோ" என்றார்கள்.

இலங்கை 2017 டிசம்பரில் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. வெடி அகற்ற அது தரும் அவகாசம் பத்து ஆண்டுகள். அறிக்கைகளில் எத்தனை சதுர மீட்டர் துப்புரவானது என்று எழுதுகிறார்கள். அதில் காணியற்ற எத்தனை குடும்பங்கள் குடியேறின என்பதையும் பிரதேச செயலகங்கள் எழுதட்டும். துப்புரவான அரச காணியில் முதல் பங்கு அந்தக் குடும்பங்களுக்கு வேண்டும். மண்ணைச் சுரண்டிய பெண்களில் காணியில்லாதவர்களுக்கு, கணவர், தகப்பன் பெயரில் அல்லாமல் அவர்கள் பெயரிலேயே அனுமதிப்பத்திரம் எழுதப்பட வேண்டும்.