பழகிப்போச்சா, தோழர்?

வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ தண்டவாளத்தை ஒட்டின வீடுகளில் கேட்டுப் பாருங்கள், இந்தச் சத்தத்துல எப்படித் தூங்குறீங்க என்று. 'பழகிப்போச்சு' என்பார்கள். தனிக்குவளைக்கும் மலக்குழி நாற்றத்துக்கும் நம் வாயில் திணிக்கப்பட்ட அதே வார்த்தை.

காது பழகலாம். உடம்பு பழகுவதில்லை. தூக்கம் கலையாதபோதும் லாரி ஹாரனுக்கு இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. வருஷக்கணக்கில் இது தொடர்ந்தால் ரத்தக்கொதிப்பும் மாரடைப்பும் வரும் வாய்ப்பு கூடுகிறது. உட்செவியின் நுண்மயிர் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் நகரத்தைக் கூறுபோடுகின்றன. இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல், வணிகப் பகுதிக்கு 55, தொழிற்பகுதிக்கு 70. பார்த்தால் சின்ன வித்தியாசம்தான். வங்கியில் வட்டி போட்டுப் பிழைக்கிறவன் நான். கந்துவட்டிக்காரனும் மிரளுகிற கணக்கு இது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு. 45க்கும் 70க்கும் நடுவே 300 மடங்குக்கு மேல்! சேரி இருக்கும் இடத்தைத் தொழிற்பகுதி என்று வகைப்படுத்திவிட்டால், அங்கே தூங்குகிற குழந்தைமேல் அவ்வளவையும் இறக்கலாம், சட்டப்படி. கிராமத்தில் ஊருக்கு வெளியே தள்ளினான். நகரத்தில் ஆலைக்கும் தண்டவாளத்துக்கும் பக்கத்தில், வேறெவனும் வேண்டாமென்ற நிலத்தில் தள்ளியிருக்கிறான்.

இதில் வேடிக்கை, இரைச்சல் என்றதும் சாதி இந்துவுக்கு முதலில் ஞாபகம் வருவது நம் பறை. ஏர் ஹாரனும் ஜெனரேட்டரும் அவனுக்கு வளர்ச்சி. அதற்காக நம் தெருவில் விடிய விடிய அலறும் குழாய் ஸ்பீக்கருக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிறது நம்ம பிள்ளைதானே?

இரைச்சலில்லாமல் வாழ்வது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அண்ணல் தலைமையில் வரைந்த சட்டம் அது. சேரிக்குள் வராமலா போகும்?

மாணவத் தோழர்களே, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுங்கள். எங்கள் தெரு எந்த வகை? யார், எப்போது முடிவு செய்தது? எங்கள் பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருக்கிறதா? இங்கே இரவுச் சத்தத்தை ஒருநாளாவது அளந்தீர்களா? பதிலை வாங்கித் தெருக்கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். 'பழகிப்போச்சு' என்ற வார்த்தையை முதலில் நம் வாயிலிருந்து துப்புவோம்.