நாலு ஸ்க்ரூ போட மனசில்லையா?



போன வாரம் வீட்டு மிக்ஸி நின்றுவிட்டது. வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. நாகல் நகரில் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். கவிழ்த்துப் பார்த்தார். "கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும் சார். ஆனா அடிப்பக்கம் ஒட்டி மூடியிருக்கான். உடைச்சாத்தான் திறக்கும், உடைச்சா மறுபடி மூடாது" என்றார். கம்பெனி சர்வீசில் கேட்டால், "பழசைக் கொடுங்க, புதுசுல தள்ளுபடி தர்றோம்" என்கிறார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. நாம் பூட்டு செய்த ஊர்க்காரர்கள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு அது. என் அப்பா வாங்கிய மாங்காய்ப் பூட்டு இன்றும் எங்கள் வாசலில் தொங்குகிறது. உள்ளே லிவர் தேய்ந்தபோது பட்டறைக்காரர் பிரித்து, மாற்றி, மறுபடி அடித்துக் கொடுத்தார். ஒன்றுக்கும் ஆகாமல் போனாலும் இரும்பு தனி, பித்தளை தனி என்று பழைய இரும்புக் கடைக்குப் போகும். செய்தவரே அதன் கடைசி நாளையும் யோசித்திருக்கிறார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் புதிய மின்னணுக் கழிவு விதிகள் அமலில் உள்ளன. 2023-24இல் ஆயுள் முடிந்ததாகக் கணக்கிடும் பொருட்களில் 60 சதவீதத்தை மறுசுழற்சி செய்யும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு இருந்தது. 2027-28இல் அது 80 ஆகும். நல்லதுதான். ஆனால் மறுசுழற்சிச் சான்றிதழை வாங்கிக் காட்டினால் கணக்கு நேராகிவிடுகிறது. பழுது நீக்குபவருக்கும் அந்த விதியில் இடம் உண்டு. திறக்கவே முடியாத டப்பாவை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? உடைத்தால் செம்பு கிடைக்கும். ஓடக்கூடிய மோட்டார் போச்சு.

"திறக்க விட்டால் ஷாக் அடிக்கும், விலை ஏறும் சார்" என்று என் மாணவர் ஒருவரே வாதாடினார். ஏன் தம்பி, சீலிங் ஃபேனைக் கழற்றிக் காயில் கட்டி மாட்டுகிறோமே! பிரான்சில் 2021இலேயே செல்போன், டி.வி., வாஷிங்மெஷினுக்கெல்லாம் பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு மார்க் போட்டுத்தான் விற்க வேண்டும் என்று கொண்டுவந்துவிட்டார்கள். இங்கே மார்க் போட்டால் என் மிக்ஸிக்கு முட்டைதான்.

கோவையிலும் ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் டிசைன் பிரிவில் இருக்கும் என் பிள்ளைகளே, அடுத்த மீட்டிங்கில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது கெட்டுப்போனால் எப்படித் திறப்பது?" உறவுகளே, கடையில் பொருளைக் கவிழ்த்து ஸ்க்ரூ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மிக்ஸியை நான் தள்ளுபடிக்குக் கொடுக்கவில்லை. பரணில் இருக்கிறது. உடைக்காமல் திறக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால் வீட்டுக்கு வாருங்கள். அம்மியில் அரைத்த சட்னியோடு இட்லி உண்டு.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்